அளக்காமல் விட்ட ஒன்றரை மணி நேரம்

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படிக்கட்டில் நின்று இன்று யாராவது போனில் பேசி, எதிர்முனையில் இருப்பவர் "ஹலோ, ஹலோ, கேக்கலையே" என்று கத்தாமல் பதில் சொல்கிறார் என்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு. இதைக் கொஞ்சம் அடக்கமாகச் சொல்லலாமே என்கிறார் என் கணவர். ஐந்து வருடம் ஒரே கணக்கோடு மல்லுக்கட்டியவள் நான். அடக்கத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

நான் புள்ளியியல் ஆசிரியை. திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரியில் பதினெட்டு வருடம் சராசரியும் திட்டவிலக்கமும் நடத்திவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் பகுதி நேரமாக பிஎச்.டி. சேர்ந்தேன். வழிகாட்டி என்னைவிட ஆறு வயது இளையவர். ஒரு பொறியியல் கல்லூரியில் வயர்லெஸ் பாடம் எடுப்பவர். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை சார் என்பேன். கேன்டீனில் எங்களைப் பார்ப்பவர்கள் நான்தான் வழிகாட்டி என்று நினைத்து முதல் டீயை என் பக்கம் நீட்டுவார்கள். நானும் மறுக்காமல் வாங்கிக்கொள்வேன்.

அவர் எனக்குக் கொடுத்த பிரச்சினை செல்போன் அலைகளின் குறுக்கீடு. உங்கள் போன் ஒரு டவரோடு பேசுகிறது. அதே நேரத்தில் அக்கம்பக்கத்து டவர்கள் வேறு யார் யாரோடோ பேசுவதும் அதன் காதில் விழுகிறது. வேண்டாத அந்தப் பேச்சையெல்லாம் கூட்டினால் வருவதுதான் குறுக்கீடு. அது எந்த இடத்தில், எந்த நேரத்தில் எவ்வளவு இருக்கும் என்று ஒவ்வொரு டவராகப் போய் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதனால் புழுதித் தரையில் விழுந்த முதல் மழைத்துளிகள் மாதிரி டவர்கள் தற்செயலாகச் சிதறிக் கிடப்பதாக வைத்துக்கொண்டு, அந்தச் சிதறலிலிருந்து கணக்குப் போடுவார்கள். இதைக் கேட்டதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் முதல் மாதமே ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பாடப்புத்தகத்தில் இருக்கும் எளிய வடிவத்தில் அந்தக் கூட்டுத்தொகைக்குச் சராசரி என்ற ஒன்றே கிடையாது. தூரத்தில் நூறு டவர் முணுமுணுத்தாலும் கவலையில்லை. பக்கத்தில் ஒன்றே ஒன்று வாய் திறந்தால் மொத்தக் கணக்கையும் விழுங்கிவிடும். பதினெட்டு வருடம் சராசரியை வைத்துச் சோறு சாப்பிட்டவளிடம் சராசரியே இல்லை என்றால் எப்படி இருக்கும்? இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

ஸ்ரீரங்கத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம், நடுவில் தீவு. கோயிலைச் சுற்றிய வீதிகளில் நினைத்த இடத்தில் டவர் வைக்க முடியாது. ஆற்றின் மேலேயோ மறிக்க ஒரு சுவர்கூட இல்லை. சிந்தாமணிப் பக்கத்து டவர் பேசுவது தண்ணீரின் மேல் சறுக்கிக்கொண்டு அக்கரைக்கு வந்துவிடும். அம்மா மண்டபத்துப் படித்துறையில் போன் எடுக்காது என்பது ஊரே அறிந்த புகார். அங்கே ஒரு கணக்கு நின்றுவிட்டால் எங்கேயும் நிற்கும் என்று எனக்குத் தோன்றியது.

அளவெடுக்கும் வேலை வழிகாட்டியின் துறையில் இருக்கும் ஆய்வகத் தொழில்நுட்பருக்கு. ஐம்பத்து மூன்று வயது, ஸ்ரீரங்கத்துக்காரர், வடக்குச் சித்திரை வீதியில் வீடு. நெற்றியில் திருமண் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, அரை மணிக்கு ஒரு தடவை, கருவியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு குறித்த இடங்களுக்குப் போய் ஓட விடுவார். ஓடி முடிந்ததும் நிறுத்திவிட்டு, அடுத்த அரை மணிக்குப் புதிதாகத் தொடங்குவார். நேரத்தை ஒரு தாளில் மணிமணியான கையெழுத்தில் எழுதுவார். இப்படி ஒரு ஆள் கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவருடைய தாள்களை உட்கார்ந்து படிக்கும் வரை.

தினமும் மூன்று அளவுகள் இல்லை. அந்தக் கட்டங்களில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார். சேர்ந்தாற்போல் ஒன்றரை மணி நேரம். அதுவும் ஒரே நேரத்தில் இல்லை. திங்கட்கிழமை காலையில் ஆளைக் காணோம், செவ்வாய்க்கிழமை பிற்பகலில் காணோம், புதன்கிழமை மத்தியானம் காணோம். காபி குடிக்கப் போகிறவர் ஒன்றரை மணி நேரமா குடிப்பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழிகாட்டியிடம் சொன்னேன்.

"விடுங்க மேடம். முன்னாடி பின்னாடி இருக்கிற அளவை வெச்சு நடுவுல இட்டு நிரப்பிடலாம். எல்லாரும் பண்றதுதான்" என்றார் அவர்.

நிரப்பினேன். நான் செய்த தப்பு அதுதான், இப்போதும் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. மாணவிகள் செய்திருந்தால் தாளைத் திருப்பி முகத்தில் அடிக்காத குறையாகக் கொடுத்திருப்பேன். நிரப்பிய தரவு வழவழவென்று அழகாக இருந்தது. அதை வைத்துக் கட்டிய கணித மாதிரியோ படித்துறையில் ஒரு நாள்கூடச் சரியாகச் சொல்லவில்லை. நிஜத்தில் குறுக்கீடு திடீர் திடீரென்று எகிறியது. என் கணக்கு அதைக் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. இந்த எகிறலை விளக்க வேண்டியதுதான் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம். அது இல்லாமல் மற்ற நான்குக்கும் மதிப்பில்லை. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு அடுத்த டிசம்பரோடு முடிவதாக இருந்தது.

இட்டு நிரப்பியதை அழித்துவிட்டு, இல்லாத நேரங்களை மட்டும் கிழமை வாரியாக ஒரு பக்கத்தில் எழுதினேன். ஆள் எப்போதெல்லாம் காணாமல் போகிறார் என்று அவர் முன்னாலேயே நீட்டிக் கேட்க வேண்டும் என்பது என் திட்டம். கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் இரண்டு நகல் போடக் கொடுத்தேன். கடைக்காரர் தாளை ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன மேடம், ராகு காலத்தை இவ்வளவு சிரமப்பட்டு எழுதியிருக்கீங்க? காலண்டர்லயே போட்டிருக்குமே."

அவர் தலைக்கு மேலே தினசரி காலண்டர் தொங்கியது. தாளின் கீழே, சின்ன எழுத்தில், அன்றைய ராகு காலம். என் தாளில் அந்தக் கிழமைக்கு நேரே நான் எழுதியிருந்த அதே நேரம். நான் அப்படியே நின்றேன். ராகு காலம் என்ற ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியாதா என்ன? திருச்சியில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் எந்தக் கிழமைக்கு எந்த நேரம் என்று எனக்கு மனப்பாடம் இல்லை. மேலப்புதூரில் எங்கள் வீட்டில் தொங்குவது கோயில் காலண்டர், அதாவது மாதா கோயில் காலண்டர். அதில் எந்தப் புனிதரின் திருநாள், திருப்பலிக்கு என்ன வாசகம் என்று இருக்கும். ராகு அதில் எட்டிப் பார்த்ததில்லை.

"எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டேன்.

"இதுக்கெல்லாம் ஏன் மேடம், போங்க" என்றார் அவர், பாவம் கிறிஸ்தவப் பெண் புதிதாகப் பயந்துபோய்க் காலம் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள் என்ற இரக்கத்தோடு.

மறுநாள் ஆய்வகத்தில் தொழில்நுட்பரைப் பிடித்தேன். கோபத்தில் பாதி குறைந்திருந்தாலும் மீதிப் பாதியே அவருக்குப் போதும் என்ற அளவில் இருந்தது.

"ஏன் சார், ராகு காலத்துல அளக்க மாட்டீங்களா?"

அவர் பதறவே இல்லை. "அளக்கறதுக்கு என்ன மேடம்? ஆரம்பிக்கறதுதான் கூடாது. நீங்க அரை மணிக்கு ஒரு தடவை புதுசா ஆரம்பிக்கச் சொன்னீங்க. அதான் விட்டுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க வேதக்காரங்க. சொன்னா சிரிப்பீங்களோன்னு இருந்தது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஆனா ஒண்ணு. எடுக்காததை எடுத்தேன்னு எழுதலை. முன்னாடி எழுதினதைப் பார்த்து ஒரு நம்பரைப் போட்டிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. வெறுமனே விட்டா கேப்பீங்க, கேட்டா சொல்லிக்கலாம்னு கோடு போட்டேன்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இல்லாத எண்களை இட்டு நிரப்பியது நான். பட்டம் வாங்கி, பாடம் நடத்தி, ஆராய்ச்சியும் செய்கிற நான். அவர் போட்ட ஒவ்வொரு கோடும் உண்மை. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காதவர் மாதிரி கருவியின் வயரைச் சுற்றிக்கொண்டே போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"அந்த நேரத்துல என் போனே சும்மாதான் மேடம் கிடக்கும். முடிஞ்சுதோ இல்லையோ, வரிசையா அடிக்க ஆரம்பிச்சுடும். ஜாதகம் பார்த்தாச்சா, அட்வான்ஸ் குடுத்தாச்சா, கிளம்பியாச்சான்னு."

அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இன்றுவரை அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். கணக்கில் நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளும் அனுமானம் ஒன்று உண்டு. ஒரு டவர் எப்போது பரபரப்பாக இருக்கிறது என்பதற்கும் இன்னொரு டவருக்கும் சம்பந்தமில்லை, ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குப் பேசும், தன்பாட்டுக்கு ஓயும் என்பது அது. எங்கள் மாதா கோயிலில் பூசைக்கு முன்னால் அவரவர் இருமுவதும் கனைப்பதும் மாதிரி. அப்படி இருந்தால் மொத்தச் சத்தம் பெரிதாக ஏறி இறங்காது. ஆனால் பாடல் குழு எழுந்து நின்றால்? எல்லாக் குரலும் ஒரே நொடியில் கிளம்பும். ராகு காலம் ஸ்ரீரங்கத்துக்கு ஒன்று, சிந்தாமணிக்கு ஒன்று என்று இல்லை. அக்கரையும் இக்கரையும் ஒன்றாக வாயை மூடிக்கொள்கின்றன, ஒன்றாகத் திறக்கின்றன. படித்துறையில் என் கணித மாதிரி தடுக்கி விழுந்தது அங்கேதான்.

அந்தப் பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் கருவியை அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தாமல், காலை ஆறு மணிக்கு ஒரே தடவை தொடங்கி மாலை வரை ஓட விட்டோம். தொழில்நுட்பருக்கு அதில் ஆட்சேபணை இல்லை. நடந்துகொண்டிருப்பது நடக்கலாம். கோடுகள் இருந்த இடத்தில் நிஜ எண்கள் வந்தன. பள்ளம் நான் நினைத்ததைவிட ஆழம், அதன் ஓரத்தில் ஏற்றம் நான் பயந்ததைவிடச் செங்குத்து. டவர்களைச் சேர்த்துக் கட்டும் ஒரு புது உறுப்பை என் சமன்பாட்டில் நுழைத்தேன். அது சரியாகப் பொருந்திய மத்தியானம் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பாக்கெட் பால்கோவா வாங்கி, பஸ்ஸிலேயே முக்கால்வாசியைத் தின்றேன். மீதியை வீட்டில் கொடுத்தபோது என்ன விசேஷம் என்று கேட்டார்கள். ஐந்தாம் அத்தியாயம் பிறந்திருக்கிறது என்றேன்.

ஆனால் எனக்குப் பொருந்தினால் போதாது. படித்துறையில் புதிதாக ஒரு டவர் வைக்க ஒரு செல்போன் நிறுவனம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. எங்கள் துறையோடு அவர்களுக்கு ஓர் ஆய்வு ஒப்பந்தம் இருந்தது. சென்னையிலிருந்து வந்த அவர்களுடைய பொறியாளர், முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல மரியாதையான மனிதர், என் வரைபடங்களைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கூட்டம் சேர்ந்தா நெட்வொர்க் திணறும் மேடம். அதுக்கு இன்னொரு டவர்தான் வழி."

"இன்னொரு டவர் வெச்சா இன்னொரு வாய்தான் சார் கூடும்" என்றேன் நான். "எதிர்க்கரையில ரெண்டு டவரோட ஆன்டெனாவைக் கொஞ்சம் கீழ சாய்ச்சு வைங்க. ஆத்தைத் தாண்டிப் பேசாம அதுங்க ஊரோட நிக்கட்டும். போதும்."

வழிகாட்டி இடையில் புகுந்து ஒரு ஏற்பாடு செய்தார். ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் நாள் முழுக்க அளக்க வேண்டும். அதற்கு முன்பே, எந்த நேரத்தில் என்ன ஆகும் என்று நான் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, மடிப்பில் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் எல்லோர் முன்னாலும் பிரிக்க வேண்டும். எழுதியது பலித்தால் ஆன்டெனா சாயும், ஐந்தாம் அத்தியாயத்துக்கு நிறுவனமே சாட்சி. பொய்த்தால் டவர் வரும், என் ஐந்து வருடம் தண்ணீரோடு போகும். நான் உடனே ஒத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சமன்பாட்டை முதலிலிருந்து மறுபடி போட்டுப் பார்த்தேன்.

கவருக்குள் நான் எழுதியது இதுதான். அந்த ஆடிப் பதினெட்டு சனிக்கிழமை. ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. அந்த நேரத்தில் படித்துறையில் கூட்டம் குறையாது, ஆனால் குறுக்கீடு குறையும். கூட்டம் உச்சத்துக்குப் போகும் மத்தியானத்தில் அல்ல, பத்தரை தாண்டிய முதல் அரை மணியில்தான் குறுக்கீடு உச்சத்தைத் தொடும். அதில் பெரும்பங்கு அக்கரையிலிருந்து வரும்.

ஆடிப்பெருக்கு அன்று தொழில்நுட்பர் விடியற்காலையிலேயே கருவியை ஓட விட்டுவிட்டார். நான் எட்டரைக்குப் போனேன். காவிரியில் தண்ணீர் இரு கரை தொட்டு ஓடியது. போலீஸ் கயிறு கட்டி, ஒரு படிக்கு மேல் இறங்க விடவில்லை. ஒன்பது மணிக்குள் மஞ்சள் கயிறு கட்டிவிட வேண்டும் என்று பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். லால்குடியிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஒன்பதடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. பஸ் தாமதமாம். அந்த அம்மா பூசைச் சாமான்களைப் பிரிக்காமல் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் ரெண்டு பேர் வரணும், போன் பண்ணும்மா" என்றார் அவருடைய கணவர்.

"பத்தரை ஆகட்டுங்க. அதுக்குள்ள வந்து மட்டும் என்ன பண்ணப் போறாங்க?"

எனக்கு அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. என் சமன்பாட்டின் ஓர் உறுப்பு கூடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. படித்துறை நிறைய ஆட்கள், சித்ரான்ன வாசனை, குழந்தைகளின் கூச்சல். கருவியின் திரையில் கோடு மட்டும் அமைதியாகப் படுத்துக் கிடந்தது. பத்தரைக்கு அது எழுந்தது. அந்த அம்மா போனைக் காதில் வைத்து, "ஹலோ, கேக்குதா, எங்க இருக்கீங்க, ஹலோ" என்று கத்த ஆரம்பித்தார். அவருக்கு அது கஷ்டம். எனக்கு, மன்னிக்க வேண்டும், மகிழ்ச்சி தாங்கவில்லை.

கவரைப் பிரிக்கும் கூட்டம் ஆவணியின் முதல் வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்கு, கன்டோன்மென்டில் நிறுவனத்தின் அலுவலகத்தில். கவர் அதுவரை துறை அலுவலகத்து பீரோவில் பூட்டி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வரும் பொறுப்பு தொழில்நுட்பருக்கு. நான் போனபோது அவர் முன்னாலேயே வந்து, கவரை மேசை நடுவில் வைத்துவிட்டு, கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

பொறியாளர் அளவுகளை எல்லாம் திரையில் போட்டார். பிறகு கவரைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"மேடம், இது கிழிஞ்சிருக்கே."

கவரின் ஒரு மூலை விரல்நகம் அகலத்துக்குக் கிழிந்திருந்தது. மடிப்பில் கையெழுத்துகள் அப்படியே இருந்தன. ஆனால் கிழிந்தது கிழிந்ததுதான். வழிகாட்டி என்னைப் பார்த்தார். அளவு கைக்கு வந்த பிறகு தாளை மாற்றி வைத்தாள் என்று யாராவது சொன்னால் நான் என்ன பதில் சொல்வேன்?

தொழில்நுட்பர் எழுந்து நின்றார். "நான்தான் சார் கிழிச்சேன். பத்தேகாலுக்கு."

"ஏன்?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைலேர்ந்து பன்னிரண்டு ராகு காலம். நீங்க பதினோரு மணிக்குப் பிரிக்கறதா சொன்னீங்க. மேடத்தோட அஞ்சு வருஷ உழைப்பு சார் அது. ராகு காலத்துல பிரிச்சு ஏதாவது ஆயிடக் கூடாதேன்னு... முன்னாடியே ஆரம்பிச்சு வெச்சுட்டா தோஷமில்லை."

அந்த நிமிடம் அவரை என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதை எழுத மாட்டேன். பொறியாளர் கவரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான் உங்களைச் சந்தேகப்படலை மேடம். ஆனா இதை வெச்சு நான் ரிப்போர்ட் எழுத முடியாது. மேல கேப்பாங்க."

நியாயமான பேச்சு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்த நியாயம்தான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது. கவரை ஓரமாகத் தள்ளினேன்.

"அது கிடக்கட்டும் சார். உங்க லேப்டாப்ல இந்த நிமிஷ நிலவரம் வருமில்ல? ஸ்ரீரங்கம் டவரு, எதிர்க்கரை டவரு ரெண்டு, மூணையும் போடுங்க."

போட்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. மூன்று கோடுகளும் தாழ்ந்து கிடந்தன. மணி பதினொன்று இருபது. நான் எழுந்து வெள்ளைப் பலகையில் மூன்று கோடுகளை வரைந்தேன். பன்னிரண்டு வரை தட்டையாக, பன்னிரண்டில் மூன்றும் சேர்ந்து ஏறுவதாக. எவ்வளவு உயரம் ஏறும் என்பதையும் என் சமன்பாட்டைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"மத்தியானம்னா எப்பவுமே கொஞ்சம் ஏறும் மேடம்" என்றார் அவர்.

"நேத்து வியாழக்கிழமை. ராகு காலம் ஒண்ணரைக்கு மேல. நேத்து பன்னிரண்டு மணிக்கு ஏறியிருக்கான்னு பாருங்க."

பார்த்தார். ஏறவில்லை. மூன்று மணிக்கு ஏறியிருந்தது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நாற்பது நிமிடம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நாற்பது நிமிடத்தை நான் பார்த்ததில்லை, பிரசவ அறையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டீ வந்தது, ஆறியது. ராகுவையும் கேதுவையும் நம்பாதவள் நான். கைப்பைக்குள் விட்ட கை மட்டும் ஜெபமாலையின் மணிகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருந்தது. எதிரே தொழில்நுட்பர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேரும் நிறுத்தவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் புள்ளி அசையவில்லை. வழிகாட்டி தொண்டையைக் கனைத்தார். பன்னிரண்டு ஐந்துக்கு அடுத்த புள்ளி வந்தது. மூன்று கோடும் சேர்ந்தாற்போல் எழுந்திருந்தன. பத்துக்கு இன்னும் மேலே. ஆடி முழுக்க அடக்கி வைத்திருந்த நல்ல காரியமெல்லாம் ஒரே வேகத்தில் கிளம்பின. பன்னிரண்டே காலுக்கு மூன்றும் பலகையில் நான் எழுதிய உயரத்தைத் தொட்டன. ஒன்று மட்டும் ஒரு விரற்கடை தாண்டியிருந்தது. அதையும் நானே சுட்டிக் காட்டினேன்.

பொறியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேசை மேல் இருந்த அவருடைய போன் அடித்தது.

"ஒரு நிமிஷம் மேடம், அம்மா" என்று அங்கேயே காதில் வைத்தார். அந்த அம்மாவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"பொண்ணு வீட்டுல சரின்னு சொல்லிட்டாங்கப்பா. காலையிலயே தகவல் வந்துடுச்சு. ராகு காலம் முடியட்டும்னுதான் உனக்குச் சொல்லாம இருந்தேன்."

"சரிம்மா. அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தார். காது வரை சிவந்திருந்தது. நாங்கள் மூவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டோம். அவர் திரையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு ஓரமாகக் கிடந்த கவரை எடுத்தார். கிழிந்த மூலையில் விரலை வைத்தவர், தொழில்நுட்பர் பக்கம் திரும்பி மரியாதையாகக் கேட்டார்.

"இப்ப பிரிக்கலாமா சார்?"

"பேஷா பிரிக்கலாம்" என்றார் அவர்.

அடுத்த மாதம் அக்கரையில் இரண்டு ஆன்டெனாக்கள் சாய்ந்தன. புது டவர் வரவில்லை. கவரில் இருந்தது பலித்தது. ஆனால் நிறுவனத்தின் அறிக்கையில் அந்தக் கவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: மூலை கிழிந்திருந்ததால் அது சான்றாக எடுத்துக்கொள்ளப்படவில்லை, முடிவு நேரடிச் சோதனையால் உறுதி செய்யப்பட்டது. அந்த வரியை அப்படியே என் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயத்தில் சேர்த்திருக்கிறேன். அதற்கு அடுத்த பக்கத்தில் தொழில்நுட்பரின் பழைய தாள் ஒன்று, மணிமணியான கையெழுத்தோடும் மூன்று கோடுகளோடும், இட்டு நிரப்பாமல் அச்சாகியிருக்கிறது.